வலசைக் காலத்தில் கரைப்பறவைகளை நெருங்கிப் படமெடுப்பது எப்படி?

சேற்றுத்தடம் (கேள்வி):
வணக்கம். வலசை தொடங்கியதிலிருந்து கழிமுகச் சேற்றில் உள்ளான்களையும் மூக்கன்களையும் படமெடுக்கப் போய்வருகிறேன். என்னிடம் இருப்பது 400 மி.மீ. லென்ஸ். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் பாதி வழியிலேயே கூட்டம் எழும்பிவிடுகிறது. மிஞ்சுவது தூரத்துப் புள்ளிகளும் வால்களும்தான். 600 மி.மீ. வாங்கினால் தீருமா? மறைவுக் கூடாரம் ஒன்று போதுமா?

நாணல்:
600இல் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவே. வெயில் ஏறியபின் சேற்றின் மேல் கானல் அலையும். நீண்ட லென்ஸ் அதையும் சேர்த்துப் பெரிதாக்கும். காலையிலேயே எடுத்து முடியுங்கள். மேய்கிற பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000, பறப்பதற்கு 1/2500 வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைத் திருத்தலாம், அசைந்த படத்தைத் திருத்த முடியாது.

ஓதக்காரி:
லென்ஸ் இருக்கட்டும், முதலில் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை எடுங்கள்.

ஓதம் வற்றியிருக்கும்போது நீரோரத்தைத் தொடர்ந்து பறவைகள் வெகுதூரம் போய்விடும். நீங்கள் நடந்து போவது அந்த நேரத்தில்தான் என்று நினைக்கிறேன். ஓதம் ஏறத் தொடங்கினால் நீரே அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். உச்ச ஓதத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய், கதிரவன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையோரம் உட்கார்ந்துவிடுங்கள். படுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நிமிர்ந்த மனித உருவம் வானத்தின் எதிரே தெரிவதுதான் அவற்றைக் கலைக்கிறது. தரையோடு தரையாகக் கிடப்பவரைச் சற்று நேரத்தில் பொருட்படுத்தாமல் மேயத் தொடங்கிவிடும். கொசு உள்ளான்கள் மிக அருகில் வந்து போகும். பறவையின் கண்மட்டத்திலேயே கேமராவும் இருப்பதால் பின்னணியும் தானாகக் கரைந்துவிடும். கூடாரம் கட்டாயமில்லை. ஆனால் நீர் ஏறும் இடம் அது. திரும்பி வரும் வழியை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழும்பிப் போனால் நமக்கு ஒரு படம் போகிறது, அதற்கு என்ன போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் அலாஸ்காவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று, பிறந்து ஏறத்தாழ ஐந்து மாதமானது, எங்கும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. வழியில் இரையும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் எரிபொருள். அந்தப் பயணத்துக்காக இந்த இனம் தன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கிக்கொள்கிறது. கரைப்பறவைகள் அந்தக் கொழுப்பைப் புழு புழுவாகச் சேர்ப்பது இப்படிப்பட்ட சேற்றில்தான், அதுவும் சேறு வெளியே தெரிகிற சில மணி நேரத்துக்குள். ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் எரிந்துபோகிறது, மேயும் நேரமும் குறைகிறது.

எழும்புவதற்கு முன்பே அவை நமக்குச் சொல்லிவிடும். மேய்ச்சல் நிற்கும், கழுத்து நீளும், உடல் விறைக்கும், நம்மிடமிருந்து விலகி நாலு அடி வைக்கும். கழுத்து நீண்டதுமே அசையாமல் நின்றுவிடுங்கள். மறுபடி குனிந்து மேய ஆரம்பிக்கவில்லையென்றால் பின்வாங்குங்கள்.

உச்ச ஓதத்தில் மேடான மணலில் ஒற்றைக்காலில் நின்று அலகை முதுகிறகில் செருகி உறங்கும் கூட்டத்தின் பக்கம் போகவே கூடாது. அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை. அங்கே கைதட்டி எழுப்பி, கூட்டம் சுழல்வதைப் படமெடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் என்னால் பாராட்ட முடியாது.

சேற்றுத்தடம்:
மிக்க நன்றி அக்கா. அட்டவணையைப் பார்த்தேன், நீங்கள் நினைத்ததுபோல் நான் போனதெல்லாம் வற்று ஓதத்தில்தான். இன்னொன்று: ஒரு படத்தைப் பெரிதாக்கியபோது மூக்கனின் காலில் நிறப் பட்டை தெரிந்தது, அதில் எழுத்தும் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

ஓதக்காரி:
அருமை! அது ஆய்வாளர்கள் மாட்டிய கொடிப்பட்டை. கிழக்காசிய–ஆஸ்திரலேசிய வலசைப் பாதையில் பட்டைகளின் நிறச் சேர்க்கையை வைத்தே பறவை எந்தப் பகுதியில் பிடித்துவிடப்பட்டது என்று சொல்லிவிடலாம். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை, எழுத்து, தேதி, இடம் எல்லாவற்றையும் எழுதி, படத்தை வெட்டாமல் உங்கள் பகுதியின் பறவை வளையமிடும் அமைப்புக்கு அனுப்புங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்திலும் நீங்கள் கண்ட பறவைகளின் பட்டியலோடு சேர்க்கலாம்.

எழுத்து தெளிவாக இல்லையென்றால் ஊகித்து நிரப்பாதீர்கள், கண்ட நிறங்களை மட்டும் எழுதுங்கள். தவறான ஒரு எழுத்து வேறொரு பறவையின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

நாணல்:
அந்தப் படத்தை இங்கேயும் போடுங்கள். நிழற்பகுதியைக் கொஞ்சம் தூக்கினால் எழுத்து தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.