புதுப்பிப்பு: கான்டெசா 32-ஆ, வெஸ்ட்செயில் 32-ஆ? முடிவு செய்துவிட்டேன்

ரேஸ், நெடும்பயணம், படகிலேயே குடித்தனம் மூன்றுக்கும் 1970களின் இந்த இரண்டு ஃபைபர் பாய்மரப் படகுகளில் எது ஒத்துவரும் என்று கேட்டிருந்தேன். இரண்டிலும் ஏறிப் பார்த்துவிட்டேன்.

நீளம் ஒன்றுதான், 32 அடி. எடையிலோ கான்டெசா சுமார் 4.3 டன், வெஸ்ட்செயில் ஏறக்குறைய 9. வெஸ்ட்செயிலுக்கு அகலமும் ஒன்றரை அடி கூட. அதற்குள் நிமிர்ந்து நடக்கலாம், மாதக்கணக்கில் தங்கலாம். ஆனால் மெல்லிய காற்றில் அசைந்துகொடுக்காது. ரேஸை மறந்துவிட வேண்டியதுதான்.

நீங்கள் சொன்னபடி, உள்ளே நீர் இறங்கியிருக்கிறதா என்று அறிய, சுத்தியல் பிடியால் டெக் (படகின் மேல்தளம்) முழுக்கத் தட்டினேன். வெஸ்ட்செயிலில் எங்கும் கணீரென்றது. கான்டெசாவில் மாஸ்ட் (பாய் கட்டும் கம்பம்) அருகே இரண்டு கையளவு இடம் மட்டும் 'பொத் பொத்'. அங்கே ஃபைபர் தோல்களுக்கு நடுவே இருக்கும் மரம் நீரில் ஊறியிருக்கிறது. மேல்தோலை அறுத்து மாற்றக்கூடியதுதான்.

கான்டெசாவையே எடுக்கிறேன். 1979இல் ஃபாஸ்ட்நெட் என்ற கடல் பாய்மரப் பந்தயத்தைப் புயல் தாக்கியபோது, மிகச் சிறிய படகுகளுக்கான பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு ஒரு கான்டெசா 32. அந்த உடல்வாகை நம்பிக் கடலுக்குப் போகலாம். இடநெருக்கடியை நான் பொறுத்துக்கொள்வேன்.

டெக்கைத் திறந்ததும் படங்கள் போடுகிறேன்.