கம்பி போட சொத்தையில்லாத பல்லை ஏன் எடுக்கணும்?

தக்கலைக்காரி:
மகளுக்கு 12 வயசு. மேல்பல் துருத்தி, கோரைப்பல் ரெண்டும் ஈறுல ஏறி நிக்குது. நாலு பல்லை எடுத்துட்டுக் கம்பி போடணும்ங்கிறாங்க. நல்ல பல்லை எதுக்கு எடுக்கணும்? அவ அப்பாவுக்கு 41. முன்பல்லுல புதுசா இடைவெளி விழுது. அவருக்கும் கம்பி போடலாமா?

குழித்துறை_பல்சீரமைப்பு:
மேல் கோரைப்பல் 11, 12 வயசுலதான் முளைக்கும். அதுக்குள்ள பக்கத்துப் பற்கள் இடத்தைப் பிடிச்சிருந்தா வரிசைக்கு வெளியேதான் வரும். எடுக்கச் சொல்றது பெரும்பாலும் கோரைப்பல்லுக்குப் பின்னால இருக்கிற பல், மேலே ரெண்டு, கீழே ரெண்டு. ஒவ்வொண்ணும் சுமார் 7 மி.மீ. இடம் விடும். கோரைப்பல் அதுல இறங்கும், துருத்தின பல்லும் பின்னால போகும். இடமில்லாம வரிசைப்படுத்தினா முன்பல் இன்னும் வெளியே சாய்ஞ்சு, உதடு மூடவே சிரமப்படும்.

எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கணும்னு இல்லை. ஓ.பி.ஜி. (தாடை முழுசும் தெரியுற எக்ஸ்ரே), பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, பல் அச்சு மூணையும் வச்சு எவ்வளவு இடம் குறையுதுன்னு கணக்குச் சொன்னாங்களா? வாயை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தா, பல்சீரமைப்புல எம்.டி.எஸ். (மேல்படிப்பு) படிச்ச இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. குலசேகரத்துல பல் மருத்துவக் கல்லூரியே இருக்கு.

அப்பாவுக்கு வயசு தடையில்லை, ஈறுதான் கேள்வி. இந்த வயசுல புதுசா இடைவெளி விழுந்தா, ஈறு நோயில எலும்பு கரையுதான்னு முதல்ல பார்க்கணும். அந்த நிலையில பல்லை இழுத்தா எலும்பு இன்னும் வேகமா கரையும். ஈறு ஆறின பிறகுதான் கம்பி.

குளச்சல்_பல்சுகாதாரம்:
அக்கா, வீட்டுல கவனிக்க வேண்டியது இது. கம்பியைத் தாங்குற பிராக்கெட்ங்கிற சின்னச் சதுரத் துண்டு பல்லுமேல பசையிலதான் ஒட்டி நிக்குது, ஓரத்துல நெம்பினா கழன்றுடும். முந்திரிக்கொத்து, முறுக்கு, தேங்காய்ச் சில்லு வேண்டாம். கொய்யாவை நறுக்கிக் கொடுங்க. மரச்சீனியை அவிச்சு மசிச்சு மீன்குழம்போட தாராளமா தரலாம். குழம்புல இருக்கிற மஞ்சள், கம்பியைப் பிராக்கெட்டோட பிடிக்கிற ரப்பர் வளையத்துல ஏறும், பல்லுக்குக் கேடில்லை, அடுத்த தடவை மாத்திடுவாங்க. பிராக்கெட் கழன்றா உடனே டாக்டருக்குப் போன் பண்ணுங்க, இல்லேன்னா அந்தப் பல்லு நகராம நின்னுடும்.

பிரஷ்ஷை பிராக்கெட்டுக்கு மேலே சாய்ச்சு ஒரு தடவை, கீழே சாய்ச்சு ஒரு தடவை தேய்க்கணும். கம்பிக்கு அடியில, பல் இடுக்குல நுழையுற சின்ன இடைப்பல் பிரஷ்ஷால தேய்க்கணும். அழுக்கு தங்கினா, கம்பியைக் கழற்றும்போது பிராக்கெட் இருந்த சதுரத்தைச் சுத்தி சுண்ணாம்பு தீட்டின மாதிரி வெள்ளைக் கறை தெரியும். அது பெரும்பாலும் முழுசா மறையாது.

தக்கலைக்காரி:
கம்பி முனை கன்னத்துல குத்துமாமே?

குளச்சல்_பல்சுகாதாரம்:
அந்த இடத்தைத் துடைச்சுக் காயவச்சு, கம்பிக்குன்னே தர்ற மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி அமுக்குங்க. ஈரத்துல ஒட்டாது. முனை நீண்டிருந்தா டாக்டரே வெட்டட்டும். ஒவ்வொரு தடவையும் கம்பியை முறுக்கின பிறகு ரெண்டு மூணு நாள் வலிக்கும், கஞ்சி போதும்.

குழித்துறை_பல்சீரமைப்பு:
இன்னொண்ணு. கம்பி கழற்றின அன்னைக்கே ரிடெய்னர் (பல்லை அதே இடத்துல பிடிச்சு நிறுத்துற, கழற்றி மாட்டுற பிளாஸ்டிக் கருவி) தரச் சொல்லுங்க. சுத்தி எலும்பு இறுகுறதுக்குள்ள பல்லு பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ரிடெய்னரை வெந்நீர்ல கழுவவே கழுவாதீங்க, பிளாஸ்டிக் நெளிஞ்சுட்டா திரும்பப் பொருந்தாது.