சேடர் விருந்துக்கு இந்த ஒயின் ஆகுமா?

நியூ ஜெர்சி, ஹைலேண்ட் பார்க்கில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் இந்தப் புதன்கிழமை இரவு பெசாக் (பாஸ்கா) பண்டிகையின் முதல் சேடருக்கு, அதாவது சடங்கோடு கூடிய இரவு விருந்துக்கு, எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. அஷ்கெனாசிகள் (ஐரோப்பிய வழிவந்த யூதர்கள்), கோஷர் என்கிற யூத உணவு விதிகளில் ரொம்பக் கறார். வெறுங்கையோடு போக மனசு வரவில்லை.

முதலில் இட்லி செய்யலாம் என்றிருந்தேன். அரிசியும் உளுந்தும் அந்த எட்டு நாளும் அவர்களுக்கு ஆகாதாம். நல்லவேளை, மாவு அரைக்கும் முன்பே தெரிந்தது! அப்புறம் வட்டத்துக்குள் ‘யு’ என்ற கோஷர் முத்திரை போட்ட ஒயின் வாங்கினேன். பக்கத்தில் ‘பி’ என்றும் இருக்க வேண்டும், அதுதான் பெசாக்குக்கு உரியது என்றார் அலுவலக நண்பர். சரி என்று அதை மாற்றி, ‘பி’ உள்ள இஸ்ரேல் சிவப்பு ஒயின் எடுத்து வந்தேன்.

இப்போது புதுச் சிக்கல். லேபிளை நாலு தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன், ‘மெவுஷல்’ (சூடாக்கியது) என்ற சொல் எங்கும் இல்லை. அப்படியென்றால் சூடாக்காத ஒயின். அதை யூதரல்லாதவர் திறந்து ஊற்றினால் அவர்கள் தொடமாட்டார்கள். கடைக்காரர் “பி இருந்தால் போதும்” என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் “ஒன்றும் வேண்டாம், சும்மா வாங்க” என்கிறார்.

கோஷர் வீடுகளில் பழகியவர்கள் சொல்லுங்கள்: மூடி உடைக்காமல் அவர்கள் கையில் கொடுத்தால் போதுமா, மெவுஷல் போட்ட பாட்டிலாகத்தான் மாற்ற வேண்டுமா?