கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற எந்தக் கருவி வாங்கலாம்?

மாடவீதி88:
அப்பா அம்மா கல்யாணம் 1988ல மயிலாப்பூர்ல நடந்தது. ரெண்டு விஎச்எஸ் கேசட், ஒவ்வொண்ணும் மூணு மணி நேர ஈ-180. தாத்தாவோட குரல் அதுல மட்டும்தான் இருக்கு. அது போக, 1994ல இருந்து மாமா எடுத்த 8 எம்எம் கேசட் பதினொண்ணு. ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சா, வி.சி.ஆர். படத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள வாங்கற யூஎஸ்பி குச்சி ஒண்ணு போதும், மூணு வயரைச் சொருகினா படம் ஏறிடும்ங்கறாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர், நல்ல டெக் (கேசட் ஓட்டுற வி.சி.ஆர்.) இல்லாம கேசட்டைத் தொடாதேங்கறார். கையில இருபதாயிரம் இருக்கு. எதுல போடறது?

பழைய_டெக்:
டெக்கில் போடுங்க தம்பி. டெக் ரிப்பேரில் முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன். டேப்பில் இருப்பதைப் படிக்கிறது ஹெட். அங்கே விட்டுப்போனதை எந்தக் குச்சியாலும் பிடிக்க முடியாது.

விஎச்எஸ் டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனி அலைவரிசையில் பதிவாகியிருக்கும். நம்ம ஊர் டிவி முறையான பிஏஎல்லில் நிறம் 627 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், வெளிச்சத்துக்குக் கீழே இருக்கும். மஞ்சள் வயரில் எடுத்தால் டெக் ரெண்டையும் கலந்து அனுப்பும், குச்சி திரும்பப் பிரிக்கணும். அது சுத்தமாப் பிரியாது. பட்டுப்புடவையின் ஜரிகை ஓரத்தில் புள்ளி புள்ளியா ஊரும். எஸ்-வீடியோ வயரில் ரெண்டும் கலக்காமலே வந்து சேரும். அதனால்தான் அந்த வயர் சொருகுற இடம் உள்ள எஸ்-விஎச்எஸ் டெக் தேடச் சொல்றது.

அடுத்தது நெளிவு. டேப் வருஷக்கணக்கில் நீளும், சுருங்கும். ஒவ்வொரு வரியும் தொடங்குற நேரம் நூலளவு மாறிடும். வாழைமரம் கட்டின தூண் பாம்பா வளையறது அதனாலதான். டிபிசி (வரிகளோட நேரத்தைச் சரிபண்ற சர்க்யூட்) உள்ள டெக், பானாசோனிக் என்வி-எஃப்எஸ்200 மாதிரி, வரிகளை நேராக்கி அனுப்பும். கிடைக்கலைன்னா பானாசோனிக்கோட டிஎம்ஆர்-இஎஸ்10 டிவிடி ரெக்கார்டரை நடுவில் வெச்சு அது வழியா வயரை விடுங்க. வளைவு நிமிரும், முகத்தில் நிழல் இறங்குற இடம் மட்டும் சில சமயம் பட்டை பட்டையாத் தெரியும்.

அண்ணாநகர்_அனு:
சார் சொல்றது ஒண்ணும் தப்பில்லை. ஆனா அந்த டெக்கை எங்கே போய் வாங்குவார்? கடைசியா வி.சி.ஆர். செஞ்சிட்டிருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. இன்னிக்குக் கிடைக்கிறது எல்லாம் யாரோ ஓட்டித் தேய்ச்சது. பெல்ட் தொளதொளன்னு இருக்கும், ரப்பர் உருளை கல்லா இறுகியிருக்கும். நல்ல டெக்குக்காகக் காத்திருந்து காத்திருந்து ரெண்டு வருஷம் போயிடும்.

நான் பக்கத்து வீட்டு சாதாரண வி.சி.ஆரும் ஒரு குச்சியும் வெச்சு ரெண்டே நாள்ல எங்க வீட்டு கேசட்டை ஏத்தினேன். பாட்டி தன் தங்கையோட கல்யாணத்தை முப்பது வருஷம் கழிச்சு டிவியில பார்த்தாங்க. அடுத்த வருஷம் அவங்க இல்லை. தூண் நெளிஞ்சுதா, ஜரிகையில புள்ளி ஊர்ந்துதான்னு அன்னிக்கு யாரும் பார்க்கலை.

பழைய_டெக்:
பாட்டிக்குக் காட்டினதுக்கு நான் கையெடுத்துக் கும்பிடறேன் மேடம். என் பயம் வேற. "ஏத்தியாச்சு"ன்னு ஜனங்க கேசட்டைக் குப்பையில் போடறாங்க. அந்தக் குச்சியோட மென்பொருள் இடம் மிச்சம் பண்ண நேரா எம்பெக் வடிவத்தில் அழுத்தி வைக்கும். டேப்போட இரைச்சலையும் அசைவுன்னு நினைச்சு அதுக்கே இடத்தைச் செலவு பண்ணும், முகம் கட்டம் கட்டமா உடையும். ஹஃப்ஒய்யுவி மாதிரி இழப்பில்லாத முறையில் 720க்கு 576 புள்ளி அளவில் எடுத்தால் மணிக்கு 35 ஜிபி பக்கம் ஆகும். இந்தத் தம்பியோட மொத்த கேசட்டும் ஒரு டெராபைட் டிஸ்கில் அடங்கிடும். உங்க கேசட் இப்போ எங்கே?

அண்ணாநகர்_அனு:
பரண்ல இருக்கு சார். தூக்கிப் போடலை.

ஹெட்_துடைக்கிறவன்:
பரணா? தயவுசெஞ்சு இன்னிக்கே இறக்கிப் பாருங்க. சென்னையோட ஈரக்காத்துல டேப்புக்கு முதல் எதிரி பூஞ்சைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி வந்தவங்க கேசட்டை நான் நிறையத் திறந்திருக்கேன். கேசட்டோட கண்ணாடி ஜன்னல் வழியா சுருளைப் பாருங்க. வெள்ளையா மாவு தூவின மாதிரி இருந்தா அதை நல்ல டெக்ல விடவே கூடாது. ஹெட்டுல ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் போயிடும்.

எனக்கே நடந்தது. ஒரு வீடியோ கடையில என் கேசட்டைக் கொடுத்தேன், பூஞ்சையைப் பார்க்காம ஓட்டி, நடுவுல பத்து நிமிஷத்தைக் கசக்கித் தந்தாங்க. என் அக்காவோட நிச்சயதார்த்தம் அந்தப் பத்து நிமிஷத்துலதான் இருந்தது.

இப்போ பூஞ்சைக்குன்னே ஒரு பழைய மெஷின் தனியா வெச்சிருக்கேன். கேசட்டோட அஞ்சு ஸ்க்ரூவைக் கழட்டி, சுருளை வேற கேசட் கூட்டுக்கு மாத்தி, மெதுவாச் சுத்தி எடுப்பேன். ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய தோல் துணியும். துணியை அசைக்காம வெச்சுக்கிட்டு ஹெட் பதிச்சிருக்கிற டிரம்மைத்தான் கையால சுத்தணும். மேலும் கீழுமா இழுத்தா ஹெட் உடையும். பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், நூல் மாட்டிக்கும்.

பெரம்பூர்_புது_ஆள்:
டிபிசிக்காக அலைய வேண்டியதில்லை. விஎச்எஸ்-டீகோடுன்னு ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கு. டெக்கைத் திறந்து, ஹெட்டில் இருந்து வர்ற சிக்னலை டெக் படமா மாத்துறதுக்கு முன்னாடியே வயர் பத்தவெச்சு எடுத்துடணும். பழைய டிவி ட்யூனர் கார்டுல வர்ற கோனெக்ஸன்ட் சிஎக்ஸ்2388 வகை சிப் போதும், அதைப் பதிவு பண்ணிக்கும். நெளிவு நேராக்கிறது, நிறம் பிரிக்கிறது எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கும். சாதாரண டெக்கே போதும். டேப்ல இருக்கிறதை இதைவிட முழுசா எடுக்கற வழி எனக்குத் தெரிஞ்சு இல்லை.

பழைய_டெக்:
முறை நல்லது, ஒத்துக்கறேன். ஆனா சுருக்காத பதிவு மணிக்கு நூறு ஜிபி, ஒலியைத் தனியா எடுக்கணும், சூடுகோல் (சால்டரிங் அயர்ன்) பிடிக்கத் தெரியணும். முதல் தடவை டெக்கைத் திறக்கிறவர் தாத்தா குரல் உள்ள கேசட்டை வெச்சுப் பழகக் கூடாது.

அண்ணாநகர்_அனு:
இதைத்தான் நானும் உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன் சார். தகுந்த கருவியும் தகுந்த கையும் சேர்ற வரைக்கும் காத்திருந்தா யாருக்காக ஏத்தறோமோ அவங்க இருக்க மாட்டாங்க. ஒரு எச்சரிக்கை மட்டும் என் அனுபவத்துல. ஏவி டு எச்டிஎம்ஐ டப்பா வாங்காதீங்க. 4:3 படத்தை 16:9க்கு இழுத்துடும், எல்லாரும் குண்டாத் தெரிவாங்க. நொடிக்கு 50 அரைப்படம் (ஒரு வரி விட்டு ஒரு வரியா வர்றது) இருக்கிறதைத் தப்புத்தப்பா ஒட்டவும் செய்யும்.

பழைய_டெக்:
அதில் மேடம் பக்கம்தான் நான். 8 எம்எம்முக்கும் குச்சி வேண்டாம் தம்பி. சோனி டிஜிட்டல்8 கேமராவில் பழைய 8 எம்எம்மை ஓட்டுற மாடல் தேடுங்க. எல்லா மாடலும் ஓட்டாது, கேட்டு வாங்குங்க. நெளிவை உள்ளேயே சரிபண்ணி, ஃபயர்வயர் கேபிளில் டிவி (DV) என்கிற டிஜிட்டல் வடிவமா கம்ப்யூட்டருக்கு அனுப்பும், மணிக்கு 13 ஜிபிதான். நிறத்தில் கொஞ்சம் விட்டுப்போகும். ஆனாலும் உங்க இருபதாயிரத்தில் முதல் செலவு இதுவா இருக்கட்டும், பதினொரு கேசட் தேறிடும்.

மாடவீதி88:
ரெண்டு கேசட்டையும் வெளிச்சத்துல பார்த்தேன், வெள்ளை இல்லை. பாட்டிக்கு இப்போ 91. அதனால வர்ற ஞாயித்துக்கிழமை அனு மேடம் வழியில ஒரு தடவை ஏத்தி அவங்களுக்குப் போட்டுக் காட்டிடறேன். அப்புறம் டிஜிட்டல்8 கேமரா. விஎச்எஸ்ஸுக்கு நல்ல டெக் கிடைக்கற வரைக்கும் கேசட் ரெண்டும் இரும்பு பீரோவுல, சிலிக்கா ஜெல் பையோட, நிமிர்த்தி இருக்கும்.

பழைய_டெக்:
சரி தம்பி. ஓட்டுறதுக்கு முன்னாடி கேசட்டோட முதுகுப் பக்கம் ஓரத்தில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளைப் பாருங்க. உடைக்காம இருந்தா உடைச்சிடுங்க. கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அப்போ பதியாது.