மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: பிறகு பால் கொடுக்க முடியுமா?

செண்பகம்:
வயது 26, கல்யாணம் நிச்சயமாகியிருக்கு. மார்பு பாரத்தால் தீராத கழுத்து வலி, தோளில் பிரா பட்டை அழுந்திய பள்ளம், கோடை முழுக்க மார்புக்கு அடியில் வேர்வைப் புண். பிசியோதெரபியில் குறையலை. பிளாஸ்டிக் சர்ஜன் ஆபரேஷன் சொல்றார். பின்னாடி குழந்தைக்குப் பால் கொடுக்க முடியுமா? தழும்பு எப்படி இருக்கும்? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தியேட்டர் சிஸ்டர்:
"எந்தப் பெடிக்கிள் வச்சுப் பண்ணுவீங்க?"ன்னு சர்ஜனைக் கேளும்மா. பாதி பதில் அதுலயே இருக்கு. பொதுவா காம்பைத் தனியா வெட்டி எடுக்கிறதில்லை. ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுற ஒரு திசுத் தண்டோட சேர்த்தே மேலே ஏத்துவாங்க, அதுதான் பெடிக்கிள். காம்புக்கு அடியில் இருக்கிற சுரப்பியும் பால் குழாயும் அந்தத் தண்டோட தங்கினா பால் வர வாய்ப்பு உண்டு. ஆனா குழந்தைக்கு முழுசாப் போதும்னு யாரும் உறுதி தர முடியாது.

மார்பு ரொம்பத் தொங்கியிருந்தா தண்டு நீளமாகி, நுனிக்கு ரத்தம் சரியாப் போய்ச் சேராது. அப்போதான் காம்பைத் தனியா எடுத்து ஒட்டுவாங்க. அதுல பால் கொடுக்க வழியில்லை, உணர்ச்சியும் பெரும்பாலும் போயிடும். உன் வயசுக்கு அதைச் சொன்னா, சம்மதிக்கும் முன் எம்.சிஎச். (பிளாஸ்டிக் சர்ஜரியில் மேற்படிப்பு) முடிச்ச இன்னொரு பிளாஸ்டிக் சர்ஜனையும் பாரு.

தழும்பு: காம்பைச் சுத்தி ஒரு வட்டம், அங்கிருந்து கீழே ஒரு கோடு. நிறைய எடுத்தா அடி மடிப்பிலும் ஒரு கோடு சேரும். அந்த ரெண்டு கோடும் சந்திக்கிற முனையில இழுவை அதிகம், ரத்த ஓட்டம் கம்மி. ரெண்டு மூணு வாரத்துல அங்கே தையல் பிரிஞ்சு ஈரமாகிறது சகஜம். பெரும்பாலும் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறிடும். பயப்பட வேண்டியது வேற: முதல் 24 மணி நேரத்துல ஒரு பக்கம் மட்டும் திடீர்னு வீங்கி இறுகினா உள்ளே ரத்தம் கட்டுது, காம்பு நீலமானா ரத்த ஓட்டம் தடைபடுது. ரெண்டுக்கும் காலைவரை காத்திருக்கக் கூடாது. காது குத்தின இடம் தடிச்சு வளர்ந்திருந்தா இந்தத் தழும்பும் அப்படித் தடிக்கலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிடு.

கிளெய்ம் டெஸ்க்:
பாலிசியில் விலக்கு எண் 08-ஐப் படிங்க. தோற்றத்துக்கான சர்ஜரிக்குப் பணம் இல்லை. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியம்னு சிகிச்சை தரும் டாக்டர் சான்று தந்தால் பரிசீலிப்பாங்க. "மார்பகத் தோற்றச் சீரமைப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டாலே கிளெய்ம் விழுந்துடும். பிசியோதெரபி ரசீது, வேர்வைப் புண்ணுக்கான தோல் டாக்டர் சீட்டு, தோள் பள்ளத்தின் போட்டோ, பக்கத்துக்கு எத்தனை கிராம் எடுக்கப்போறாங்க என்ற மதிப்பீடு, எல்லாத்தையும் வச்சு அட்மிஷனுக்கு முன்பே அனுமதி கேளுங்க. எடுத்த திசுவை எடைபோட்டு பயாப்ஸிக்கு அனுப்பணும். அந்த ரிப்போர்ட்டையும் வாங்கி வச்சுக்கோங்க. பணம் பெரிய தடைன்னா, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் கேளுங்க.

யாழினி:
செண்பகம், கல்யாணம் ஆனதும் குழந்தைன்னு திட்டமிருந்தா ஆபரேஷனைத் தள்ளிப்போடுறதுதான் நல்லது. கர்ப்பத்தில் மார்பு மறுபடி பெருத்து, பிறகு தொங்கும். பால் நிறுத்தி ஆறு மாசமாவது கழிச்சுப் பண்ணுவாங்க. வலி தாங்க முடியலைன்னா இப்பவே பண்ணலாம், தப்பில்லை. எடை மட்டும் சில மாசமா ஏறாமல் இறங்காமல் இருக்கணும்.

பண்ணினால் நாலு வாரம் தண்ணிக் குடம், ஸ்கூட்டர் ரெண்டும் வேண்டாம். முன்பக்கம் கொக்கி வச்ச, கம்பி இல்லாத சப்போர்ட் பிரா ஆறு வாரம். வீக்கம் வடிய மாசக்கணக்காகும். கல்யாணப் பிளவுஸுக்கு அதுக்கு முன்னாடி அளவு கொடுக்காதீங்க.