5 வோல்ட் தடத்தில் ஷார்ட்: ஐசி பேஸைக் கழற்றாமல் வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. டாட் பிசிபியில் (வரிசையாகத் துளைகள் உள்ள பலகை) கையால் சால்டர் செய்த, அட்மெகா328 மைக்ரோகன்ட்ரோலர் சிப் கொண்ட பலகை. 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் 0.6 ஓம் காட்டுகிறது. சிப்பை பேஸிலிருந்து (சிப்பைச் செருகும் சாக்கெட்) எடுத்தாயிற்று, 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டரையும் கழற்றியாயிற்று, அளவு மாறவில்லை. இவ்வளவு குறைந்த மின்தடை ஃப்ளக்ஸ் (சால்டர் பசை) கறையால் வராது, எங்கோ உலோகம் தொடுகிறது என்றே நினைக்கிறேன்.

பெஞ்ச் சப்ளையில் (வோல்ட்டையும் மின்னோட்ட வரம்பையும் மாற்றக்கூடிய மின்வழங்கி) 1 வோல்ட், 500 மில்லிஆம்பியர் வரம்பு வைத்து, தடத்தின் நெடுக மில்லிவோல்ட் அளந்தேன். அளவு படிப்படியாக இறங்கி, பேஸின் 7ஆம் கால் அருகே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மாற்றமே இல்லை, அதாவது ஷார்ட் அங்கேதான் என்று தெரிகிறது. 7 விசிசி (5 வோல்ட் வரும் கால்), 8 கிரவுண்ட், இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கால்கள்! ஆனால் அடிப்பக்கத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே பளிச்சென்று சுத்தமாக இருக்கிறது.

ஈயம் துளை வழியே மேலேறி, பேஸுக்கு அடியில் ஒட்டியிருக்குமோ? 28 கால் பேஸைக் கழற்றினால் செம்பு வளையங்கள் பெயர்ந்து வந்துவிடும் என்று அஞ்சுகிறேன். அந்த இரண்டு கால்களில் மட்டும் ஈயத்தை உறிஞ்சி எடுத்தால் போதுமா? இப்படிச் சரிசெய்தவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.