தொடர்மாடிக் குழுவில்: உணவு வங்கிக்காகப் பிள்ளைகளின் சேகரிப்பு

ஆரணி (11ஆம் வகுப்பு), காலை 9.12
அனைவருக்கும் வணக்கம். கனடாவின் நன்றி நவிலல் (Thanksgiving) விடுமுறைக்கு முந்திய சனிக்கிழமை, நம் தொடர்மாடியின் உயர்பாடசாலைப் பிள்ளைகள் சேர்ந்து கீழ்த்தள மண்டபத்தில் மரக்கறி றோல்ஸ், கட்லட், தேநீர் விற்று, சேரும் காசை, தேவைப்படுவோருக்கு இலவசமாக உணவுப் பொருட்கள் கொடுக்கும் நம் பகுதி உணவு வங்கிக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். வீடு வீடாக வந்து ரின் உணவுகளும் சேர்க்கலாமா என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

நடேசன் மாஸ்டர், காலை 9.40
நல்ல எண்ணம், பிள்ளை. ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன், குறையாக எடுக்க வேண்டாம். நம் ஒன்ராறியோ மாகாணத்தில் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெற 40 மணிநேரச் சமூகத் தொண்டு கட்டாயம் என்பதால், படிவத்தில் கையொப்பம் விழுந்ததும் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காத மாணவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். இதுவும் அந்த வகைதானா?

ஆரணி, காலை 9.58
எங்களில் சிலருக்கு அந்த மணிநேரம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, மாஸ்டர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான் அது தேவை. படிவத்துக்காக வருகிறவர்களும் வரட்டும். வந்த பிறகு வேலை பிடித்துப்போய்த் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள், நானே அப்படித் தங்கியவள்தான்.

ரூபன் அண்ணா, காலை 10.25
நான் அந்த உணவு வங்கிக்குப் பொதிகள் பிரிக்கப் போய்வருகிறவன் என்பதால் சொல்கிறேன். வீடு வீடாக ரின் சேர்ப்பதைவிடக் காசாகக் கொடுப்பதே பெரிய உதவி. நாம் கடையில் முழு விலைக்கு வாங்கும் பருப்பை உணவு வங்கிகள் மொத்த விலையில் வாங்கிக்கொள்கின்றன. என்ன குறைகிறதோ அதையே வாங்கவும் முடிகிறது. பண்டிகைக் காலத்தில் மலைபோல் வந்து குவியும் ரின்களைப் பிரித்து அடுக்கவே ஆள் போதாமல் போகிறது. தேவையோ வருடம் முழுவதும் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான ஒரே வருடத்தில் ரொறன்ரோ உணவு வங்கிகளுக்கு மக்கள் வந்துபோன தடவைகள் 34 இலட்சத்தைத் தாண்டின. நகரத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் இவற்றை நம்பியிருக்கிறார்கள். அவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் பலர். சம்பளத்தின் பெரும்பகுதியை வாடகை விழுங்கிவிடுகிறது.

பொதி பிரிப்பதும் நாம் நினைப்பதைப் போல இலகுவான வேலையன்று. ‘இத்திகதிக்கு முன் சிறந்தது’ என்று அச்சிட்ட நாள் கடந்துவிட்டதாலேயே ஒரு பொருள் கெட்டுவிட்டதாக ஆகாது. ஆனால் குழந்தைப் பால்மாவில் இருப்பது காலாவதித் திகதி, அது கடந்தால் கொடுக்கவே கூடாது. வீங்கிய ரின்னும், ஓரத் தையலில் நசுங்கிய ரின்னும் குப்பைக்குத்தான். பெட்டி பெட்டியாக இதைப் பார்ப்பதற்குப் பிள்ளைகளின் கூர்மையான கண்கள் பெரிதும் உதவும்.

வதனி (7ஆம் மாடி), காலை 11.03
இந்தக் குழுவில் சொல்லலாமா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன். என் வேலை நின்றிருந்த காலத்தில் நானும் அந்த வரிசையில் நின்றவள். அங்கே கிடைத்த சூப் ரின்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சமையல் எண்ணெய், அரிசி, பருப்பு, ரின்மீன், பிள்ளையின் டயப்பர் ஆகியவை கிடைத்த நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது. பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் தொண்டு செய்யும் நேரத்தில் உங்கள் வகுப்புத் தோழரின் தாயோ, இதே கட்டடத்தில் இருக்கும் ஒருவரோ வரிசையில் நிற்கலாம். மின்தூக்கியில் கண்டால் எப்படி வணக்கம் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். மறுநாள் அதைப் பற்றி எவரிடமும் பேசாதீர்கள். வரிசை தெரியும்படி படம் எடுக்கவே வேண்டாம்.

ஆரணி, காலை 11.10
எழுதியதற்கு மிக்க நன்றி, வதனி அன்ரி. படம் எடுப்பதென்றால் நம் மண்டபத்து விற்பனை மேசையை மட்டுமே எடுப்போம். வீடு வீடாகச் சேர்ப்பதையும் கைவிடுகிறோம்.

சாந்தி அக்கா, காலை 11.32
கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். மாவும் மரக்கறியும் எண்ணெயும் பெற்றோர் வாங்கிக் கொடுத்தால், விற்ற காசு முழுவதும் போய்ச் சேரும். பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தொகையை அன்றிரவே இங்கே எழுத வேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கேள்வி வரும்: றோல்ஸ் வாங்கியவருக்கு வரிச் சலுகை கோருவதற்கான நன்கொடைப் பற்றுச்சீட்டு கிடையாது, ஏனெனில் கொடுத்த காசுக்கு அவர் சாப்பிட்டுவிட்டார். பற்றுச்சீட்டு வேண்டுபவர்கள், பதிவுபெற்ற தொண்டு நிறுவனமான அந்த உணவு வங்கிக்கு நேரடியாக நன்கொடை செலுத்தலாம்.

நடேசன் மாஸ்டர், பகல் 12.05
காசுக் கணக்கு தெளிவாயிற்று. என் கேள்வி இன்னும் நிற்கிறது. பண்டிகை முடிந்து பனி கொட்டும் பெப்ரவரியில் அங்கே போகப் போவது யார்?

ஆரணி, பகல் 12.20
ஐந்து பேர் இப்போதே பெயர் தந்திருக்கிறார்கள், மாஸ்டர். ஒரு சனிக்கிழமைக்கு இருவராக மாறி மாறிப் போவோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுடன் போவதற்குப் பெரியவர் ஒருவர்தான் வேண்டும்.

நடேசன் மாஸ்டர், பகல் 12.24
அப்படியென்றால் என் பெயரை எழுதுங்கள். பாரம் தூக்க மாட்டேன், திகதி வாசிப்பேன்.

ரூபன் அண்ணா, பகல் 12.31
நல்லது, மாஸ்டர். பெப்ரவரிக்கான நேரங்களை நான் திங்கட்கிழமை பொறுப்பாளரிடம் கேட்டு இங்கே எழுதுகிறேன். வருகிறவர்கள் அனைவரும் விரல் மூடிய சப்பாத்து அணிந்து வர வேண்டும். களஞ்சியத்துக்குள் குளிர் அதிகம் என்பதால் ஒரு சுவெற்றரும் கொண்டுவாருங்கள்.